பட்டாணித் தோட்டத்துச் சுவாமியார்

"இந்தமுறை சித்திரைப் புத்தாண்டு மலருக்கு நீரும் ஏதாவது எழுதித் தாரும்" என்று எங்கள் சங்கச் செயலாளர் கேட்டபோது நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"அண்ணை, நான் ஏ.எல். சோதினையோட படிப்பை விட்டவன். தொழிற்சாலையில மெசினோட நிக்கிறவன். எனக்கு என்ன எழுதத் தெரியும்? எழுதினாலும் சங்க மலரை ஆர் வாசிக்கினம்? தங்கட பிள்ளையின்ர படம் வந்திருக்கோ எண்டு பார்த்துப்போட்டு மடிச்சு வைச்சிடுவினம்" என்றேன். அவர் சிரித்தார். ஆனால் விடவில்லை.

அன்று இரவு வேலையில் நிற்கும்போதுதான் எனக்கு அந்த நினைவு வந்தது. பிள்ளை ஏன் தாயைப்போல இருக்கிறது, ஏன் சிலவேளை தாயைப்போலவும் இல்லாமல் தகப்பனைப்போலவும் இல்லாமல் பிறக்கிறது என்பதை உலகத்துக்கு விளங்க வைத்த கட்டுரை, பெரிய பல்கலைக்கழகப் புத்தகம் ஒன்றில் வரவில்லை. ஒரு ஊர்ச் சங்கத்தின் ஆண்டு மலரில்தான் வந்தது. ஆண்டு 1866. எழுதியவர் ஆசிரியர் சோதினையில் இரண்டு தரம் சித்தியடையாதவர். மலரைக் கையில் எடுத்தவர்கள் சிலர். விளங்கிக்கொண்டவர் ஒருவரும் இல்லை. 34 வருடங்கள் சென்றுதான் அதைத் தூசி தட்டி எடுத்தார்கள்!

இதை எழுத இன்னொரு காரணமும் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊரில், எங்கள் வீட்டுக்கு மூன்று வளவு தள்ளி ஒரு பெண்பிள்ளை பிறந்தது. எனக்கு அப்போது பத்துப் பதினொரு வயது இருக்கும். தாயும் தகப்பனும் எங்களைப்போலக் கறுவல்தான். பிள்ளைக்கோ தலைமயிர், புருவம், கண்ணிமை எல்லாம் பஞ்சுபோல வெள்ளை. வெளிச்சத்தைப் பார்த்தால் கண்ணைச் சுருக்கும். கண்மணி ஒரு இடத்தில் நில்லாமல் ஆடும். ஊர் வாய் சும்மா இருக்குமா? கிரகணத்தில் வெளியில் போனவள் என்றார்கள். கோயில் நேர்த்தியை மறந்துவிட்டாள் என்றார்கள். தாயைப் பற்றி மலரில் எழுதமுடியாத கதைகளும் கதைத்தார்கள். எல்லாவற்றிலும் பொல்லாதது மாமியாரின் வாய். "எங்கட பரம்பரையில இப்பிடி ஒண்டு இல்லை. இது உன்ர பக்கத்தால வந்த பழுது" என்று முற்றத்தில் நின்று சொன்னதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நானே கேட்டேன். அந்தத் தாய் ஒரு சொல்லும் பேசாமல் சீலைத் தலைப்பால் பிள்ளையின் தலையை மூடிக்கொண்டு கிணற்றடிக்குப் போனா.

ஏழெட்டு வருடங்களின் பின் ஏ.எல். உயிரியல் வகுப்பில் ஆசிரியர் கரும்பலகையில் 'மென்டல்' என்று எழுதினார். வகுப்பே கொல்லென்று சிரித்தது. நானும்தான். ஆனால் அந்தப் பாடம் முடியும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிணற்றடிதான் நினைவில் நின்றது.

யார் இந்த மென்டல்?

1822ஆம் ஆண்டு, அன்றைய ஒஸ்ரியப் பேரரசில், இன்று செக் நாட்டில் இருக்கும் ஒரு சின்னக் கிராமத்தில் கமக்காரக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். வீட்டுப் பெயர் யோகான். மரம் விழுந்து தகப்பன் காயப்பட்டு வேலைசெய்ய ஏலாமல் போக, படிப்புக்குக் காசில்லை. பசியோடும் வருத்தத்தோடும் படித்த பிள்ளை. அந்த நேரத்தில் தங்கை தெரேசியா தன்னுடைய சீதனத்தில் ஒரு பங்கைத் தமையனின் படிப்புக்குக் கொடுத்தாள். வாசகர்களே, இதைக் கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். தங்கைமாரின் சீதனத்துக்காகக் கடல் கடந்து வந்து பனிக்குள் வேலைசெய்கிற எங்களுக்குச் சீதனத்தை அண்ணனுக்குக் கொடுத்த தங்கையின் கதை புதினமாகத்தான் இருக்கும். அவர் அதை மறக்கவில்லை. பிற்காலத்தில் அவளுடைய ஆண்பிள்ளைகளைப் படிப்பிக்க உதவினார். இரண்டு மருமக்கள் வைத்தியர்களானார்கள்.

1843இல் புறூண் என்ற நகரத்தில் (இன்று பேர்னோ என்று சொல்கிறார்கள்) இருந்த புனித தோமையார் மடத்தில் சேர்ந்து கிரகர் என்ற துறவுப் பெயரைப் பெற்றார். சோற்றுக் கவலை இல்லாமல் படிக்க வேறு வழியில்லை என்பதும் அவர் துறவியானதற்கு ஒரு காரணம். பள்ளிக்கூடத்தில் பதில் ஆசிரியராகப் படிப்பித்தார். நிரந்தர ஆசிரியராக வர 1850இல் எழுதிய சோதினையில் தவறிவிட்டார். மடத்துத் தலைவர் நாப் அடிகள் நல்ல மனிதர். பையனில் ஏதோ இருக்கிறது என்று கண்டு வியன்னாப் பல்கலைக்கழகத்துக்கு இரண்டு வருடம் அனுப்பினார். அங்கே பௌதிகமும் கணிதமும் தாவரவியலும் படித்தார். திரும்பி வந்து 1856இல் மறுபடி சோதினைக்குப் போய் மறுபடியும் சரிவரவில்லை. கடைசிவரை பதில் ஆசிரியர்தான்.

அதே 1856இல்தான் மடத்துத் தோட்டத்தில் பட்டாணி நட்டார். தோட்டம் என்றால் பெரிய தோட்டமில்லை. 35 மீற்றர் நீளம், 7 மீற்றர் அகலம். எங்கள் ஊரில் ஒரு வெங்காயத் தறை அளவுதான் வரும். எட்டு வருடத்தில் ஏறத்தாழ 28,000 செடிகள்.

அவருக்கு முன்னும் பலர் செடிகளைக் கலந்து பார்த்தவர்கள்தான். ஆனால் அன்றைய படித்தவர்களின் பொதுவான எண்ணம் என்ன? பாலும் தேயிலைச் சாயமும் போல, தாயின் குணமும் தகப்பனின் குணமும் கலந்து ஒரு இடைநிறம் வரும் என்பதே. கலந்த தேத்தண்ணியில் இருந்து பாலைத் திரும்பப் பிரிக்க முடியுமா? அதுபோலத்தான் பரம்பரையும் என்று நினைத்தார்கள். மென்டல் செய்த வித்தியாசமான வேலை, எண்ணியதுதான். இரண்டாகப் பிரித்துச் சொல்லக்கூடிய ஏழு இயல்புகளை எடுத்தார். விதை உருண்டையா சுருங்கியதா, மஞ்சளா பச்சையா, பூ ஊதாவா வெள்ளையா, செடி நெட்டையா குட்டையா என்று இப்படி. தாமாகக் கலக்காதபடி மொட்டிலேயே கேசரங்களைக் கிள்ளி எடுத்துவிட்டு, தூரிகையால் மற்றச் செடியின் மகரந்தத்தைத் தடவி, பூவைச் சின்னப் பையால் மூடிக் கட்டினார்.

உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தபோது வந்த விதைகள் எல்லாமே உருண்டை. ஒன்றுகூடச் சுருங்கவில்லை. இடைத்தரமாகவும் இல்லை. சுருக்கம் எங்கே போனது? அழிந்துவிட்டதா? அவர் அந்த உருண்டை விதைகளை நட்டுத் தன்பாட்டில் காய்க்க விட்டார். 7,324 விதைகள் கிடைத்தன. 5,474 உருண்டை, 1,850 சுருங்கியவை. போன சுருக்கம் திரும்பி வந்துவிட்டது! அதுவும் பாட்டனிடம் இருந்த அதே சுருக்கம், ஒரு துளி குறையாமல். நிறத்தைப் பார்த்தார்: மஞ்சள் 6,022, பச்சை 2,001. பூவிலும் உயரத்திலும் இதே கணக்குத்தான். மூன்றுக்கு ஒன்று.

ஒவ்வொரு இயல்புக்கும் ஒவ்வொரு செடியிலும் இரண்டு காரணிகள் உண்டு. ஒன்று தாய் தந்தது, மற்றது தகப்பன் தந்தது. பிள்ளைக்குக் கொடுக்கும்போது இரண்டில் ஒன்றுதான் போகும். எது போகும் என்பது நாணயம் சுண்டுவதுபோல. இரண்டு பக்கத்தாலும் சுருக்கம் வந்து சேர்ந்தால்தான் சுருக்கம் வெளியில் தெரியும். நாலு விதமாகச் சேரலாம், அதில் ஒரு விதம்தான் அது. நாலில் ஒன்று. இதுதான் அவர் கண்ட விளக்கம். அவர் அத்தோடு நிற்கவில்லை. பார்வைக்கு உருண்டையான விதைகளில் இருந்து 565 செடிகளை வளர்த்தார். 193 செடிகள் உருண்டையை மட்டும் கொடுத்தன. 372 செடிகள் இரண்டையும் கொடுத்தன. அதாவது வெளியில் உருண்டையாகத் தெரிந்ததில் மூன்றில் இரண்டு பங்கு, உள்ளே சுருக்கத்தை ஒளித்து வைத்திருந்தது.

வெளியில் தெரிவதை அவர் 'டொமினீரெண்ட்' என்றார், மறைந்து நிற்பதை 'றெசெசிவ்' என்றார். எங்கள் பாடப்புத்தகத்தில் 'ஆட்சியான இயல்பு', 'பின்னிடைவான இயல்பு' என்று இருந்தது. தமிழ்நாட்டில் 'ஓங்கு', 'ஒடுங்கு' என்று படிப்பிப்பார்களாம். போர்ச் செய்திகளில் 'பின்னடைவு' என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த எங்கள் வகுப்புக்குப் பின்னிடைவு என்றால் தோற்றுப்போனது என்றுதான் விளங்கியது. அது பிழை. சுவாமியார் கருதியது, பின்வாங்கி ஒளித்து நின்று பிறகு அப்படியே வெளிவருவதை. தோற்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

1865ஆம் ஆண்டு பெப்ரவரி 8ஆம் திகதியும் மார்ச் 8ஆம் திகதியும் புறூண் இயற்கை ஆய்வுச் சங்கத்தின் கூட்டத்தில் இதை வாசித்தார். அடுத்த வருடம் சங்க மலரில் அச்சானது. 40 தனிப் பிரதிகள் எடுத்துப் பெரியவர்களுக்கு அனுப்பினார். மியூனிக்கில் இருந்த பேராசிரியர் நேகெலி மட்டும் பதில் எழுதினார். அவரும், தான் ஆராயும் பருந்துப்பூண்டு என்ற செடியில் செய்துபாரும் என்று சொன்னார். அந்தச் செடி மகரந்தம் சேராமலே விதை வைக்கிற சாதி என்பது அன்று ஒருவருக்கும் தெரியாது. மென்டல் கண் நோகும்வரை அந்தப் பொடிப் பூக்களோடு மினக்கெட்டு, கணக்கு ஒத்துவராமல் சோர்ந்துபோனார். பெரியவர்களின் ஆலோசனை சிலவேளை இப்படித்தான். 1868இல் மடத்துத் தலைவரானார். கடைசிக் காலம் அரசாங்கத்தோடு மடத்து வரிக்காகச் சண்டைபிடிப்பதில் போனது. 1884 ஜனவரி 6இல் இறந்தார். அவருடைய தாள்களை எரித்துவிட்டார்கள்.

அதே காலத்தில் இங்கிலாந்தில் இருந்த டார்வினுக்கும் இதே கேள்விதான் தலையிடி. அவர் மணந்தது சொந்த மாமன் மகள் எம்மாவை, அதாவது மச்சாளை. பத்துப் பிள்ளைகளில் மூன்று சிறுவயதில் இறந்துவிட்டன. சொந்தத்துக்குள் முடித்ததுதான் காரணமோ என்ற பயம் அவரை விடவில்லை. 1871 குடிசனக் கணக்கெடுப்பில் மச்சான் மச்சாள் கலியாணம் பற்றி ஒரு கேள்வியும் சேர்க்கச் சொல்லிப் பார்த்தார், பாராளுமன்றம் மறுத்துவிட்டது. அவருக்கு வேண்டிய விடை 1866 முதல் சங்க மலரில் கிடந்தது. அவர் காணவில்லை.

1900ஆம் ஆண்டு மூன்று பேர் தனித்தனியாக அதே விதியைக் கண்டார்கள். ஒல்லாந்தில் டி விறீஸ், வியன்னாவில் செர்மாக், மூன்றாமவர் கொறென்ஸ். இந்தக் கொறென்ஸ் அப்போது படிப்பித்தது எங்கே தெரியுமா? எங்கள் ஸ்ருட்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ரூபிங்கனில். அவருடைய மனைவி யார்? மென்டலை விளங்காமல் விட்ட அதே நேகெலியின் உறவுப் பெண். விதி சிரித்திருக்கும்! கொறென்ஸ் நேர்மையான மனிதர். கண்டது நான் அல்ல, மென்டல் என்று எழுதினார்.

இனி எங்கள் கிணற்றடிக்குத் திரும்பும் வழிக்கு வருகிறேன்.

இலண்டனில் கறொட் என்ற வைத்தியர், சலம் காற்றுப்பட்டதும் கறுப்பாக மாறும் ஒரு அபூர்வ நோயைக் கவனித்தார். தாய் தகப்பன் நல்ல சுகம்; பிள்ளைகளில் ஒன்றிரண்டுக்கு மட்டும் இருக்கும். விசாரித்தால் பல வீடுகளில் தாயும் தகப்பனும் ஒன்றுவிட்ட சகோதரர் முறை. அவர்கள் ஊரில் அது மச்சான் மச்சாளையும் சேர்த்துச் சொல்கிற முறை. கேம்பிரிட்ஜ் அறிஞர் பேற்சன், இது மென்டல் சொன்ன பின்னிடைவான இயல்பு என்று விளங்கப்படுத்தினார். 1902இல் கறொட் அதை வெளியிட்டார். மனிதரில் பின்னிடைவான இயல்பு என்று விளங்கிக்கொண்ட முதல் நோய் அதுதான். 1908இல் அவர் அந்தப் பட்டியலில் சேர்த்த இன்னொன்று, தோலிலும் மயிரிலும் நிறம் உண்டாகாத அல்பினிசம். எங்கள் அயல் வீட்டுப் பிள்ளைக்கு இருந்தது அதுதான்.

அந்தப் பிள்ளையின் தாயும் தகப்பனும் மச்சான் மச்சாள். தாயின் தகப்பனும் மாமியாரும் கூடப்பிறந்த சகோதரர்கள். இப்போது கணக்கைப் பாருங்கள். பிள்ளைக்குக் குறை வெளியில் தெரியவேண்டுமானால் இரண்டு பக்கத்தாலும் காரணி வந்திருக்கவேண்டும். தகப்பனிடமும் ஒன்று ஒளித்திருந்தது, தாயிடமும் ஒன்று ஒளித்திருந்தது. இரண்டுபேருக்கும் பொதுவானவர்கள் மாமியாரைப் பெற்ற தாய் தகப்பன்தான். அங்கே ஒருவரிடம் இருந்த ஒரே காரணி ஒரு கிளையாய்த் தமையனுக்கும், மறுகிளையாய் மாமியாருக்கும் இறங்கி, பேத்தியில் வந்து சந்தித்திருக்கிறது. "உன்ர பக்கத்தால வந்த பழுது" என்று முற்றத்தில் நின்று கத்திய அந்த மனிசியின் உடம்புக்குள்ளேயே அது இருந்திருக்கவேண்டும்! எங்கட பரம்பரை, உன்ர பரம்பரை என்று இரண்டு இருக்கவே இல்லை.

வகுப்பு முடிந்து சைக்கிளில் வரும்போது அந்த வீட்டுப் படலையடியில் காலை ஊன்றி நின்றேன். சொல்லவேண்டும் என்று வாய்வரை வந்தது. பதினெட்டு வயதுப் பொடியன் பெரியவர்களுக்கு இதை எப்படிச் சொல்வது? மிதித்துக்கொண்டு போய்விட்டேன். அது இன்றுவரை எனக்கு ஒரு குறைதான்.

இதை வாசித்துவிட்டு யாரும் மச்சாளை முடித்தவர்களைப் பயமுறுத்த வேண்டாம். பொதுவாக நூறு பிள்ளைகளில் இரண்டு மூன்று பிள்ளைகள் ஏதாவது பிறவிக் குறையோடு பிறக்கின்றன. மச்சான் மச்சாள் தம்பதிகளில் அது ஏறத்தாழ இரண்டு மடங்கு. 2013இல் இங்கிலாந்தின் பிறட்போட் நகரத்தில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் பார்த்தபோதும் கிட்டத்தட்ட இதே கணக்குத்தான் வந்தது. நூறில் தொண்ணூற்றிநாலு பிள்ளைகள் சுகமாகத்தான் பிறக்கின்றன. ஆனால் இங்கே பேறுகாலத்தில் வைத்தியர் "நீங்கள் சொந்தமா?" என்று கேட்டால், வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். அவர் கேட்பது இந்தக் கணக்குக்காகத்தான்.

'ஆட்சி' என்ற சொல் எங்களை மட்டும் ஏமாற்றவில்லை. இலண்டனில் யூல் என்ற புள்ளிவிபர அறிஞர், ஆட்சியான இயல்பு என்றால் அது காலப்போக்கில் பெருகி மற்றதை அமுக்கிவிட வேண்டுமே என்று கேட்டார். மென்டல் கட்சியைச் சேர்ந்த பண்ணற்றுக்குப் பதில் தெரியவில்லை. தன்னோடு கிரிக்கெட் விளையாடும் கணித அறிஞர் ஹார்டியிடம் போய்க் கேட்டார். ஆம், பிறகு கும்பகோணத்து இராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்த அதே ஹார்டிதான். பெருக்கல் வாய்பாடு தெரிந்தவனுக்கு இது போதும் என்ற மாதிரி 1908இல் ஒரு சின்னக் கடிதம் எழுதினார். வெளியிலிருந்து ஒன்றும் குழப்பாவிட்டால் இரண்டு காரணிகளின் பங்கும் தலைமுறை தலைமுறையாக மாறாமல் அப்படியே இருக்கும். ஆட்சியானது பெருகாது, பின்னிடைவானது ஒழியாது. இதையே அவருக்குச் சில மாதம் முந்தி, அதே 1908 ஜனவரியில், ஸ்ருட்காட்டில் ஏழைகளுக்கு மருந்து கொடுத்த வைன்பேர்க் என்ற வைத்தியர் ஒரு கூட்டத்தில் சொல்லியிருந்தார். அவர் அதை அச்சிட்டது எதில்? வூட்டம்பேர்க் இயற்கை ஆய்வுச் சங்கத்தின் ஆண்டு மலரில்! அதையும் 1943 வரை வெளியுலகம் கவனிக்கவில்லை. சங்க மலர்களின் தலைவிதி இதுதான் போலும். செயலாளர் அண்ணை மன்னிக்கவும்.

இந்தக் கணக்கை விளங்காதவர்கள், அல்லது விளங்க விரும்பாதவர்கள், செய்த கொடுமையையும் சொல்லாமல் விடமுடியாது. நாங்கள் வாழும் நாட்டில்தான் நடந்தது. 1933 ஜூலையில் நாசிகள் பரம்பரை நோயாளர் பிள்ளை பெறக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். ஏறத்தாழ 4 இலட்சம் பேருக்குப் பலவந்தமாகக் கருத்தடை செய்தார்கள். 1940இல் ஸ்ருட்காட்டிலிருந்து ஒரு மணித்தியால ஓட்டத்தில் உள்ள கிராஃபனெக் மாளிகையில், ஊனமுற்றவர்களும் மனநோயாளர்களுமாக 10,654 பேரை நச்சுவாயு அடித்துக் கொன்றார்கள். ஒருமுறை அங்கே போயிருக்கிறேன். மலையும் மரமுமாக அவ்வளவு அமைதியான இடம். திரும்பி வரும்போது காரில் ஒருவரும் கதைக்கவில்லை.

அறத்தை விடுங்கள், கணக்குக்கூட அவர்கள் பக்கம் இல்லை. பின்னிடைவான ஒரு குறை 10,000 பேரில் ஒருவருக்கு வெளியில் தெரிகிறது என்று வையுங்கள். அதே 10,000 பேரில் ஏறத்தாழ 198 பேர் அதை ஒளித்து வைத்துக்கொண்டு நல்ல சுகமாகத் திரிவார்கள். ஐம்பதுக்கு ஒருவர்! வெளியில் தெரிகிற அந்த ஒருவரை ஒவ்வொரு தலைமுறையிலும் தடுத்தாலும், அந்தக் காரணியைப் பாதியாகக் குறைக்க 100 தலைமுறை, அதாவது 2,500 வருடம் செல்லும். வெவ்வேறு நோய்களின் காரணிகளில் ஏதாவது ஒன்றை ஒளித்து வைத்திராதவர் எங்களில் அநேகமாக ஒருவரும் இல்லை. சட்டம் எழுதியவர்களும் அப்படித்தான்.

சுருங்கிய பட்டாணியின் இரகசியம் 1990இல் இங்கிலாந்தின் நோரிச் நகரத்தில் வெளிவந்தது. மாப்பொருளைக் கிளைவிட்டுக் கட்டும் ஒரு நொதியம் உண்டு. அதைச் செய்யச் சொல்லும் பரம்பரையலகின் நடுவே ஏறத்தாழ 800 எழுத்துக்கள் கூடுதலாகப் புகுந்து எழுத்தைக் குழப்பிவிட்டன. நொதியம் வரவில்லை, மாப்பொருள் குறைய, சீனியும் தண்ணீரும் கூட. காயும்போது தண்ணீர் போக விதை சுருங்குகிறது. ஒரு நல்ல பிரதி இருந்தாலே உருண்டையாக வரப் போதும். அதனால்தான் அது 'ஆட்சி'. ஆனால் கலப்பு விதையின் மாமணிகளை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் அவை இடைத்தரமாக இருக்கும். ஆட்சியும் எங்கே நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்ததுதான். இன்னொன்று: கடையில் நாங்கள் பையில் வாங்கும் உறைந்த பச்சைப் பட்டாணி இனிக்கிறதே, அது பெரும்பாலும் சுருங்கும் சாதிதான். ஏழு இயல்புகளில் மிச்சமாக நின்ற மூன்றின் பரம்பரையலகுகளையும் 2025இல்தான் கண்டுபிடித்து முடித்தார்கள்.

(எங்கள் ஆட்கள் பிள்ளை பிறந்ததும் முதலில் கேட்கும் கேள்வி "என்ன நிறம்?" என்பது. அது மென்டலின் நாலில் ஒன்று கணக்கில் வராது. சாதாரண தோல் நிறத்தைப் பல பரம்பரையலகுகள் சேர்ந்து தீர்மானிக்கின்றன. ஆகவே அந்த ஆராய்ச்சியை விட்டுவிட்டுப் பிள்ளை பால் குடிக்குதோ என்று கேட்பது நல்லது.)

போன தைப்பொங்கலன்று ஊருக்குத் தொலைபேசி எடுத்தபோது அம்மா அந்தப் பிள்ளையின் கதையைச் சொன்னா. பிள்ளை என்ன பிள்ளை, இப்போது முப்பதை எட்டப் போகிறாள். கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் போட்டுக்கொண்டு முன்பள்ளியில் படிப்பிக்கிறாளாம். பிறத்தியில்தான் கலியாணம் முடித்திருக்கிறாள். இரண்டு ஆண்பிள்ளைகள்.

"ரெண்டுக்கும் தலைமயிர் நல்ல கறுப்பு. கிழவி உயிரோட இருந்திருந்தா, தன்ர பரம்பரை எண்டு சொல்லியிருப்பா" என்று அம்மா சிரித்தா.

நான் மனதுக்குள் சுவாமியாரின் தோட்டத்துக்குப் போனேன். கலந்த முதல் தலைமுறை, எல்லாமே உருண்டை. இரண்டு பொடியன்களுக்குள்ளும் ஒவ்வொன்று ஒளித்திருக்கும். பூட்டியிடமிருந்து வந்தது.

"அம்மா, அவளின்ர தாய் பக்கத்தில இருந்தா ஒருக்காக் குடுங்கோ" என்றேன். "கொஞ்சம் பழைய விசயம் ஒண்டு சொல்லவேணும்."